உடைக்காமலே திறந்த பூட்டு

கடையை வாங்க வந்த முதல் ஆளின் மூக்கைப் பூட்டக்கா உடைத்து அனுப்பினாள் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். முதல் ஆளுக்கு டீ போட்டுக் கொடுத்து, வாசல்வரை வந்து மரியாதையாக வழியனுப்பினாள். மூக்கு உடைந்தது இரண்டாவது ஆளுக்கு. அவருக்கும் டீ வந்தது, குடிக்கத்தான் கொடுத்துவைக்கவில்லை.

இரண்டாவது ஆள் கோட்டு போட்டவர். ஃபேனுக்கு அடியில் வியர்த்து வழிந்தும் அந்தக் கோட்டைக் கழற்றாதவர். பூட்டும் கதவும் இணையத்தில் விற்கிற பெரிய கம்பெனி ஒன்றிலிருந்து வந்திருந்தார். பூட்டக்காவும் அவள் தம்பியும் ஒன்பது வருடமாக நடத்திவரும் சின்ன வெப்சைட்டை வாங்கிக்கொள்ளக் கம்பெனி பிரியப்படுகிறது என்று ஒரு மணி நேரம் தேன் ஒழுகப் பேசினார். பூட்டக்கா தலையை ஆட்டிக்கொண்டே ஒரு பித்தளைப் பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். அவள் தலையாட்டினால் சம்மதம் என்று அர்த்தமில்லை, காது கேட்கிறது என்றுதான் அர்த்தம். பாவம், அவருக்குத் தெரியவில்லை. எழுந்துபோய், சுவரோரம் நின்ற இரும்பு அலமாரியின் மேல் டிராயரைப் பிடித்து, "விஷயமே இதுக்குள்ளதானே இருக்கு மேடம்" என்று சிரித்தபடி அரையடி வெளியே இழுத்தார்.

பூட்டு அரைக்கிலோ இருக்கும். அவள் அதை எறியவில்லை. கையில் வைத்தபடியே வீசினாள். காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம் கேட்டது. கோட்டுக்காரர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டார். விரல் இடுக்கில் ரத்தம் கொப்பளித்துக் கோட்டில் வழிந்தது, தரையில் சொட்டியது, பார்சல் மேஜையில் அடுக்கியிருந்த பெட்டிகள் மேலும் தெறித்தது.

"டிராயர்ல கை வைக்காதீங்கன்னு போர்டு மாட்டியிருக்கு. படிச்சவர்தானே நீங்க?" என்றாள் பூட்டக்கா. அவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

தம்பி பஞ்சு தேடி ஓடினான். பார்சல் கட்டுகிற பெண் மட்டும் அசையவில்லை. கொஞ்ச நேரம் பூட்டக்காவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, "நாலு பெட்டி மாத்தணும்" என்று சொல்லிவிட்டுப் புது அட்டை எடுக்கப் போனாள்.

அப்படி என்னதான் இருந்தது அந்த டிராயரில்? கார்டு. கைக்கு அடக்கமான வெள்ளைக் கார்டுகள், நாலாயிரத்துச் சொச்சம். பூட்டக்காவிடம் பூட்டு வாங்குகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கார்டு. அந்த வீட்டுச் சாவியின் பல் எத்தனை, எந்தப் பல் எவ்வளவு ஆழம், எல்லாம் அவள் கையெழுத்தில் இருக்கும். கூடவே பூட்டின் எண்ணும் வீட்டு விலாசமும். சாவி தொலைந்தால் போன் பண்ணலாம். கார்டைப் பார்த்து வெட்டி மறுநாளே அனுப்பிவிடுவாள். இந்த வசதி வேறு எந்தக் கடையிலும் கிடையாது. அதனால்தான் பெரிய கம்பெனிகளுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. பூட்டை யார் வேண்டுமானாலும் விற்கலாம். நாலாயிரம் வீட்டுச் சாவியைக் கையில் வைத்திருக்கிற கடை இது ஒன்றுதான்.

"கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம்க்கா" என்று தம்பி கெஞ்சாத நாளில்லை. "கம்ப்யூட்டர்ல இருந்தா வேலியில்லாத தோட்டம்டா" என்று அவள் அலமாரியைத் தட்டிக் காட்டுவாள்.

கோட்டுக்காரர் போலீசுக்குப் போகவில்லை. மூக்கு உடைந்தும் சும்மா இருக்கிறவர் சாதாரண ஆள் இல்லை என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். போகும்போது பூட்டக்காவின் தம்பியிடம் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போயிருந்தார்.

தம்பியைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. ஒன்பது வருடம் அவன் தலைமாட்டில் போனை வைத்துக்கொண்டுதான் தூங்கினான். சைட்டு படுத்தால் அவன் எழுந்து உட்கார வேண்டும். கல்யாண மேடையில்கூட ஒரு கையில் போனை வைத்து யாருக்கோ பதில் தட்டிக்கொண்டிருந்தான். கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட அவன் பெண்டாட்டியைப் பார்க்கவில்லை. இப்போது அவள் ஆறு வருடத்துக்குப் பிறகு முழுகாமல் இருக்கிறாள். எழுந்து நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"வித்துடலாம்க்கா. நீயும் உடம்பப் பாரு, நானும் மனுஷனா இருக்கேன். ஏன் விக்க மாட்டேன்னு ஒரு காரணம் சொல்லு. ஒரே ஒரு காரணம்" என்பான்.

அவள் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொன்னாள். ஒருநாள் அப்பா பேர் கெட்டுப்போகும் என்றாள். அப்பா பூட்டுக்கடை வைத்தவரே இல்லை. இன்னொரு நாள் சாவி வெட்டுகிற மிஷினை அவர்கள் கரகரவென்று ஓட்டிப் பாழாக்கிவிடுவார்கள் என்றாள். அவன் சிரித்தான். உண்மைக் காரணத்தை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் பார்சல் காதில் விழும்.

அந்தப் பெண்ணை எல்லோரும் பார்சல் என்றுதான் கூப்பிடுவார்கள். இடது தாடையில் தொடங்கிக் கழுத்தெலும்புவரை அவளுக்கு ஒரு தழும்பு. இடது கையில் இரண்டு விரல் மடங்காது. அந்த இரண்டு விரலையும் ஸ்கேல் மாதிரி வைத்து டேப்பை நேராக ஒட்டுவாள். வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதுவதும் அவள்தான். மூன்று வார்த்தைக்கு மேல் எழுத மாட்டாள். ஆனால் ஒருவரும் இரண்டாவது தடவை புகார் சொன்னதில்லை.

நாலு வருடத்துக்கு முன்னால், ஒரு மத்தியானம். அன்று காலையிலிருந்தே பூட்டக்கா சிடுசிடுவென்று இருந்தாள். மிஷின் பெல்ட் இரண்டு தடவை அறுந்தது. தம்பி சைட்டில் எதையோ மாற்றப்போய் இருபது ஆர்டரைக் காணாமல் அடித்துவிட்டு வெளியே போயிருந்தான். போன் அடித்தது. ஒரு ஆம்பளைக் குரல். சாவி தொலைந்துவிட்டது, சொந்த வீட்டு வாசலில் பிச்சைக்காரன் மாதிரி நிற்கிறேன், நீங்கள் எல்லாம் கடை நடத்துகிறீர்களா என்று எடுத்த எடுப்பில் கத்தினான். பூட்டு எண்ணைச் சரியாகச் சொன்னான். குப்பையில் கிடந்த அட்டைப்பெட்டியைப் பார்த்துச் சொன்னான் என்பது பிற்பாடு தெரிந்தது. ஆர்டர் ஒரு பெண் பேரில் இருக்கிறதே என்றாள். "என் பொண்டாட்டிதான். அவ அம்மா வீட்டுக்குப் போயிருக்கா. என் தங்கச்சி விலாசத்துக்கு அனுப்பு" என்றான்.

இப்படி யார் கேட்டாலும், ஆர்டரில் இருக்கும் நம்பருக்குத் திரும்பக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அது அவளே போட்ட விதி. இரண்டு நிமிட வேலை. அவன் மறுபடி போன் பண்ணி அவள் அம்மாவை இழுத்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். "இந்தா, வாங்கிட்டு ஒழி" என்று சொல்லிக்கொண்டே அவள் சாவியை வெட்டினாள். மிஷினிலிருந்து எடுத்து, வழக்கம்போல் அரத்தால் கழுத்தில் மூன்று இழுப்பு இழுத்துப் பிசிறு நீக்கி, கவரில் போட்டு அனுப்பிவிட்டு மறந்தும் போனாள்.

பதினோரு நாள் கழித்து சைட்டில் ஒரு விமர்சனம் வந்தது. ஒரு ஸ்டார். கீழே இரண்டே வரி.

'பூட்டு நல்லாயில்ல. உடைக்காமலே திறந்துடுச்சு.'

எழுதியவள் பேரைப் பார்த்ததும் பூட்டக்காவுக்கு அந்தக் கத்திய ஆள் ஞாபகம் வந்தது. விலாசத்தைப் பார்த்தாள், கார்டைப் பார்த்தாள். அன்றே பஸ் பிடித்துப் போனாள். பக்கத்து வீட்டுக்காரி ஆஸ்பத்திரியைக் காட்டினாள்.

நடந்தது இதுதான். அந்தப் பெண் புருஷனின் அடி தாங்காமல் அவனை வெளியே தள்ளி, பூட்டை மாற்றியிருந்தாள். இன்னொரு சாவி அம்மாவிடம் இருந்தது. அதனால் கதவு திறக்கும் சத்தம் கேட்டபோது, அம்மாதான் என்று நினைத்து, மடித்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலைகூட நிமிரவில்லை. அவன் சமையலறைக்குப் போய்க் கத்தியை எடுத்துக்கொண்டு நிதானமாக வந்திருக்கிறான். தாடையிலிருந்து ஒரே இழுப்பு. அவள் வாசலுக்கு ஓடி நிலையைப் பிடித்தபோது, கதவை இழுத்து அவள் கையின் மேல் சாத்தினான். ஒரு தடவை இல்லை, விரல் எலும்பு நொறுங்குகிறவரை. இப்போது சிறையில் இருக்கிறான்.

கட்டுப்போட்ட கழுத்தோடு கிடந்தவளின் பக்கத்தில் உட்கார்ந்து பூட்டக்கா பொய் சொன்னாள். பூட்டு தயாரிப்பிலேயே பழுதாம், அதுதான் திறந்துகொண்டதாம், தப்பு எங்கள் பேரில்தானாம். ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றாள், பார்சல் கட்டுகிற வேலையும் கொடுத்தாள். தம்பிக்கும் அதே பொய்தான். அந்த ஒற்றை ஸ்டாரை நீக்கிவிடலாம் என்று அவன் சொன்னபோதெல்லாம் மேலே விழுந்து பிடுங்கினாள். விமர்சனத்துக்குக் கீழே, கடைக்காரர் பதில் சொல்ல ஒரு கட்டம் இருக்கும். நாலு வருடமாக அது காலியாகவே கிடந்தது.

ஆக, விற்காததற்குக் காரணம் இவ்வளவுதான். அவளே இரண்டு நிமிடம் சோம்பல்பட்டதற்கு ஒருத்தியின் கழுத்து அறுபட்டது. கோட்டுக்காரர்கள் கையில் அந்த அலமாரி போனால் யார் திரும்பக் கூப்பிட்டுக் கேட்பார்கள்? "பட்டனைத் தட்டினால் பத்து நிமிடத்தில் சாவி" என்று விளம்பரம் வேறு போடுவார்கள். தன்னைவிட்டால் அந்த வீடுகளுக்குக் காவல் இல்லை என்று அவள் மனப்பூர்வமாக நம்பினாள்.

மூக்குச் சம்பவத்துக்கு மறுநாள் அலமாரிக்குக் கடையிலேயே பெரிய பூட்டாகப் பார்த்துப் போட்டாள். சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டால் தம்பி தேடி எடுத்துவிடுவான். அவன் குழந்தையாக இருந்தபோதே அவள் ஒளித்துவைத்ததையெல்லாம் மோப்பம் பிடித்தவன். அதனால் சாவியைப் பார்சலிடம் கொடுத்தாள்.

"உன் கழுத்துலயே கெடக்கட்டும். கார்டு வேணும்னா நான் உன்கிட்ட கேக்கறேன். யார் கேட்டாலும் குடுக்காத. தம்பி கேட்டாலும் குடுக்காத."

"நீங்க கேட்டா?" என்றாள் பார்சல்.

"என்ன கேள்வி இது? எனக்குக் குடுக்கத்தானே சொல்றேன்."

பார்சல் சாவியைக் கழுத்தில் மாட்டி ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள்.

அதற்கப்புறம் ஏழு மாதம் அமைதி. சாவி கேட்டு ஆர்டர் வந்தால் பார்சல் கார்டைக் கொண்டுவந்து மேஜையில் வைப்பாள், பூட்டக்கா வெட்டுவாள். ஒரே ஒரு தடவை சத்தம் போட்டாள். கார்டு நாலாக மடிந்து, ஓரத்தில் டீக்கறையோடு வந்திருந்தது. "பத்திரமா வைன்னு குடுத்தா இதத்தான் பண்றியா? கண்ணு எங்க இருந்துது?" என்று விளாசினாள். பார்சல் தலையைக் குனிந்தபடி வாங்கிக்கொண்டாள். தபால்காரர் வேறு, இப்போதெல்லாம் கவர் அதிகமாக இருக்கிறதே என்று முணுமுணுத்தார். வியாபாரம் பெருகுகிறது என்று பூட்டக்கா சந்தோஷப்பட்டாள்.

ஏழாவது மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. முதலில் இறங்கியவர் கோட்டுக்காரர். மூக்கு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. பின்னால் சுமை தூக்குகிற இரண்டு பேர், தள்ளுவண்டியோடு. கடைசியாக, அவர்களோடு சேர்ந்து, தம்பி.

"அக்கா, கத்தாதே" என்றுதான் அவன் ஆரம்பித்தான். "சைட்டு என் பேர்ல இருக்கு. கம்பெனியும் என் பேர்ல இருக்கு. கையெழுத்து போட்டுட்டேன். உனக்குப் பாதி வரும். அலமாரிய எடுத்துட்டுப் போறாங்க."

ஒன்பது வருடத்துக்கு முன்னால், பேப்பர் வேலையெல்லாம் உன் தலையெழுத்து என்று அவன் பேரிலேயே எல்லாவற்றையும் எழுதச் சொன்னவள் அவள்தான். அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"எடுத்துடுவானுங்களா? எங்க எடுக்கச் சொல்லு பாக்கலாம்."

அவள் அரத்தைக் கையில் எடுத்திருந்தாள். தம்பி நடுவில் வந்தான். "வெளையாடாத, கீழ போடு" என்று மணிக்கட்டைப் பிடித்தான். சின்ன வயதிலிருந்தே இரண்டு பேரும் வாய்ச்சண்டை போட்டுப் பழகாதவர்கள், எடுத்தவுடன் கைதான். அவள் மணிக்கட்டை உதறினாள். அரத்தின் முனை அவன் கன்னத்தைக் காதுவரை கிழித்துக்கொண்டு போனது. அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். கையில் ரத்தத்தைக் கண்டதும் அவன் முகம் மாறியது. அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து மேஜையில் மோதினான். பூட்டுகள் உருண்டு தரையில் விழுந்தன. அவளுடைய முன்பல் ஒன்று உடைந்து உதட்டுக்குள் குத்தியது. அவள் அப்படியே திரும்பி அவன் தோளைக் கடித்தாள். சட்டையோடு சேர்த்துச் சதை வாயில் வந்தது. அவன் அலறிக்கொண்டு அவள் விலாவில் முழங்காலால் இடித்தான்.

"ஒன்பது வருஷம்!" என்று கத்தினான். இடிக்கும்போதெல்லாம் அதையே கத்தினான். "ஒன்பது வருஷம்! காரணம் சொல்லு! சொல்லித் தொலை!"

சுமைக்காரர்கள் விலக்கிவிட வந்தார்கள். அவள் தரையில் கிடந்த பூட்டை எடுத்து வீசியதில் ஒருவருடைய முழங்கால் சில்லு பெயர்ந்தது. இன்னொருவர் தூரமாகவே நின்றுவிட்டார். கோட்டுக்காரர் இந்தத் தடவை உள்ளேயே வரவில்லை, அனுபவம் பேசியது. அவள் தம்பியை வாசலைப் பார்த்து நெட்டித் தள்ளினாள். அவன் பின்பக்கமாகத் தடுமாறி வெளிப்படியில் கால் வைத்து, விழாமல் இருக்க நிலையைப் பிடித்தான். வலது கை. நாலு விரல் உள்பக்கமாக.

கடைக் கதவு கனத்த இரும்புக் கதவு. அவள் அதை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துச் சாத்தினாள்.

ஒரு தடவை சாத்தியபோது கதவு மூடவில்லை, விரல் தடுத்தது. கதவு மூடவில்லையே என்று மறுபடி சாத்தினாள். அந்த நேரத்தில் அவள் தலைக்குள் கதவு மூட வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவுமே இல்லை. மூன்றாவது தடவை இழுத்தபோதுதான் வெளியே கேட்பது தம்பியின் குரல் என்று உறைத்தது. அவன் "அக்கா" என்றுகூடக் கத்தவில்லை. "அம்மா" என்று கத்திக்கொண்டிருந்தான்.

அவள் கதவை விட்டாள். அது தானாகத் திறந்துகொண்டது. தம்பி படியில் உட்கார்ந்து, கையைப் பார்த்தபடி வாயைத் திறந்து திறந்து மூடினான். விரல்கள் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தன. ஒன்றில் வெள்ளையாக எலும்பு தெரிந்தது.

யாரும் நகரவில்லை. பார்சல் நகர்ந்தாள். பூட்டு சுற்றுகிற பஞ்சுத்தாளைக் கிழித்துக்கொண்டு போய்த் தம்பி பக்கத்தில் குந்தி, கையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு சுற்றாகச் சுற்றினாள். எப்படிச் சுற்றினால் வலி குறையும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பிறகு உள்ளே வந்து, கழுத்திலிருந்த சாவியைக் கழற்றி அலமாரியைத் திறந்தாள்.

"எடுத்துட்டுப் போங்க" என்றாள் கோட்டுக்காரரைப் பார்த்து.

"ஏய்! தொடாத!" என்று பூட்டக்கா எழப் பார்த்தாள். விலா விடவில்லை.

பார்சல் மேல் டிராயரை இழுத்தாள். காலி. இரண்டாவதும் காலி. இப்படியே ஒவ்வொன்றாக எட்டு டிராயரையும் முழுசாக வெளியே இழுத்து, எல்லோரும் பார்க்கும்படி விட்டாள். கடைசி டிராயரின் மூலையில் மட்டும் ஒரே ஒரு கார்டு கிடந்தது.

"கார்டெல்லாம் எங்கம்மா?" என்று கோட்டுக்காரர் வாசலிலிருந்தே கேட்டார்.

"அவங்கவங்க வீட்ல. ஏழு மாசமா தினம் இருபது, இருபத்தஞ்சு கவர் போட்டேன். 'இது உங்க சாவியோட அளவு. எங்ககிட்ட வேற காப்பி இல்ல. சாவி வேணும்னா இத அனுப்புங்க'ன்னு எழுதி அனுப்பிட்டேன்."

கோட்டுக்காரர் டிராயர்களைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், கையிலிருந்த பைலைப் பார்த்தார். "அப்ப நாங்க எதத்தான் வாங்கறோம்?" என்றார். யாரைக் கேட்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. பைலை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, லாரிக்குக்கூடக் காத்திருக்காமல் தெருவில் இறங்கி நடந்தார்.

பூட்டக்காவின் வாயிலிருந்து ரத்தமும் எச்சிலும் ஒழுகின. மடிந்த கார்டும் டீக்கறையும் அப்போதுதான் அவளுக்கு விளங்கின. காலி அலமாரிக்காகத் தம்பியின் கையை நொறுக்கியிருக்கிறாள்.

"ஏன்டி?" என்றாள். "நான் விக்க மாட்டேன்னு உனக்குத் தெரியாதா? தலைகீழா நின்னாலும் விக்க மாட்டேன்டி!"

"தெரியும்க்கா."

"அப்புறம்?"

பார்சல் கடைசி டிராயரிலிருந்த கார்டை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். பார்சலின் வீட்டுப் பூட்டுக் கார்டு அது. அதன் மேல், தன் பர்சிலிருந்து ஒரு சாவியை எடுத்து வைத்தாள். துளையில் காய்ந்த ரத்தம் கறுப்பாக இன்னும் ஒட்டியிருந்தது.

"அவன் கதவுலயே விட்டுட்டுப் போனது. பூட்டு பழுதுன்னு நீங்க ஆஸ்பத்திரியில சொன்னப்பவே எனக்குப் புரியல. பழுதான பூட்டுக்கு எதுக்கு சாவி? வேலைக்கு வந்த ரெண்டாவது நாள் நீங்க சாவி வெட்டறதப் பாத்தேன். எல்லாரும் மிஷின்லேர்ந்து எடுத்து அப்படியே குடுத்துடுவாங்க. நீங்க மட்டும்தான் கழுத்துல மூணு இழுப்பு இழுப்பீங்க."

சாவியின் கழுத்தில் மூன்று மெல்லிய கோடு இருந்தது. பூட்டக்கா அதைத் தொடவில்லை. தொடாமலே தெரிந்தது, தன் கைவேலைதான்.

படியில் உட்கார்ந்திருந்த தம்பி மெதுவாகத் தலையைத் திருப்பினான். வலியையும் மீறி அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ஒரு காரணம் சொல்லுன்னு எத்தன தடவக்கா கேட்டேன்" என்றான். "இதச் சொல்லியிருந்தா நான் கையெழுத்தே போட்டிருக்க மாட்டேனே."

நின்றுகொண்டிருந்த சுமைக்காரர் அவனைத் தூக்கி லாரியில் ஏற்றினார். முழங்கால் பெயர்ந்தவர் நொண்டிக்கொண்டே போய் முன்னால் ஏறிக்கொண்டார். பூட்டக்கா தவழ்ந்து வாசல்வரை போனாள். "நானும் வரேன்டா" என்றாள். "நீ வராதே" என்றான் அவன். லாரி போய்விட்டது.

கடைக்குள் இரண்டு பேர்தான் மிச்சம். மிஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பார்சல் போய் அதை நிறுத்தினாள்.

"தெரிஞ்சும் ஏன்டி நாலு வருஷம் இருந்தே?"

"மொதல்ல உங்களக் குத்திடலாம்னுதான் இருந்தேன். டேப் வெட்டற கத்தி எப்பவும் கையிலதானே இருக்கு. நீங்க எனக்கு முதுகக் காட்டிட்டு உக்காந்து வெட்டுவீங்க. தினம் காலைல இன்னிக்குன்னு நெனைப்பேன். அதுக்குள்ள பார்சல் வந்துடும்." பஞ்சுத்தாள் சுருளை அதன் இடத்தில் வைத்துக்கொண்டே பேசினாள். குரல் உயரவே இல்லை. "அப்புறம் அந்த எண்ணம் போயிடுச்சு. நீங்க ஒவ்வொரு சாவிக்கும் திரும்பக் கூப்பிட்டு மூணு கேள்வி கேக்கறதப் பாத்தேன். நல்லாப் பாத்துக்கறாங்கன்னுதான் நெனச்சேன். அந்தக் கோட்டுக்காரர் மூக்க ஒடச்சீங்களே, அன்னிக்குத்தான் பயம் வந்துது."

"அவன் டிராயர்ல கை வச்சான்டி. உங்க எல்லார் வீட்டுக்காகவும்தானே அடிச்சேன்."

"எதுக்காகவோ அடிச்சீங்க. கோவம் வந்தா உங்க கை உங்க பேச்சக் கேக்காதுக்கா. அன்னிக்கு எனக்கு வெட்டின சாவியும் கோவத்துல வெட்டினதுதானே? நீங்க விக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும். ஆனா விக்காம உங்ககிட்டயே இருந்தாலும் எனக்குத் தூக்கம் வரல."

பூட்டக்கா வாசல் பக்கம் திரும்பினாள். கதவு நிலையில் ரத்தம் வழிந்து, பசை மாதிரி இறுகத் தொடங்கியிருந்தது. அதையும் பார்த்தாள், பார்சலின் மடங்காத இரண்டு விரலையும் பார்த்தாள். கடைசியில் அவளுக்கு அழுகை வந்தது. சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, கேவிக் கேவி அழுதாள். பார்சல் தேற்றவில்லை. போகவும் இல்லை. தரையில் உருண்டு கிடந்த பூட்டுகளைப் பொறுக்கி மேஜையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அழுது முடித்ததும் பூட்டக்கா மேஜையைப் பிடித்து எழுந்தாள். தம்பியின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். தட்டத் தெரியாதவள், ஒற்றை விரலால் தேடித் தேடி அந்த விமர்சனத்தைப் பிடித்தாள். ஒரு ஸ்டார், இரண்டு வரி, கீழே காலிக் கட்டம். ரத்தக்கறை படிந்த விரலால் கட்டத்தில் தட்டினாள். அரை மணி நேரம் ஆனது.

'பூட்டு நல்ல பூட்டுதான். கேட்காமல் சாவி வெட்டிக் கொடுத்தது நான்.'

கீழே தன் பேரை முழுசாக எழுதினாள். தெருவில் பாதிப் பேருக்கு அவளுடைய அந்தப் பேரே தெரியாது. எழுதிவிட்டு, "படிச்சுப் பாரு" என்றாள்.

பார்சல் வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். இரண்டு தடவை படித்தாள். பிறகு குனிந்து, மடங்காத விரலால் பட்டனை அழுத்திப் பதிலை அனுப்பினாள்.

ஒரு ஸ்டாரை அவள் மாற்றவில்லை.